மாந்தீவு: பாலம் எட்டாத கரை

மட்டக்களப்பு நகரத்தின் நடுநாயகமாகிய புளியந்தீவு ஒரு தீவு என்பது, அங்கு நாள்தோறும் போய்வருவோருக்குக்கூட நினைவில் நிற்பதில்லை. பாலங்கள் அந்த நினைவை அழித்துவிட்டன. போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் 1638ஆம் ஆண்டில் கைப்பற்றிய கோட்டையும், கச்சேரியும், கடைத்தெருவும், பழம்பெரும் பாடசாலைகளும் வாவியால் சூழப்பட்ட அந்நிலத்துண்டிலேயே எழுந்தன. 1924ஆம் ஆண்டில் கல்லடியில் இரும்புப் பாலம் ஒன்று திறக்கப்பட்டது; அன்றைய தேசாதிபதியின் மனைவியின் பெயரால் அது மானிங் சீமாட்டி பாலம் எனப்பட்டது. 1928இல் புகையிரதமும் வந்து சேர்ந்தது. கரையைக் கரையோடும், ஊரைத் தலைநகரோடும் இணைத்துவிட்டதாக அக்காலத்து ஆட்சி பெருமைப்பட்டுக்கொண்டது.

அதே 1920களின் தொடக்கத்தில், அதே வாவியிலுள்ள வேறொரு தீவில், அதே ஆட்சி தொழுநோயாளருக்கென ஓர் இல்லத்தை அமைத்தது. அதற்குப் பாலம் போடப்படவில்லை. இது மறதியினால் நேர்ந்ததன்று. பாலம் இல்லாமையே அத்தீவின் தகுதியாகக் கொள்ளப்பட்டது. அத்தீவுதான் மாந்தீவு.

முதியோர் இல்லங்களைப் பற்றி இன்று நம்மிடையே பேச்சு மிகுந்துவிட்டது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். அந்த விகிதம் பின்னும் ஏறிக்கொண்டே வருகிறது. மட்டக்களப்பிலோ போர் ஆண் பிள்ளைகளைத் தின்றது. மத்திய கிழக்கின் அடுப்பங்கரைகள் பெண் பிள்ளைகளை இழுத்துக்கொண்டன. ஆகவே, முதியோரை இல்லங்களில் வைத்துப் பராமரிப்பது நல்லதா, அவ்வில்லங்களில் பாதுகாப்பு எவ்வாறிருக்கிறது என்ற வினாக்கள் எழுகின்றன. இவ்வினாக்களை ஏதோ நேற்றுப் பிறந்தவை போலப் பலர் பேசுகின்றனர். வாவியின் நடுவே, மனிதர் வாலிபத்தில் நுழைந்து கிழவராகி மடிந்த ஒரு நிலையம் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாக இருந்திருக்கிறது. அதன் வரலாற்றை ஒதுக்கிவிட்டு இப்பகுதியின் முதியோர் பராமரிப்பைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

தொழுநோயாளரை ஒதுக்கிவைக்கும் வழக்கம் இலங்கைக்கு ஆங்கிலேயர் கொணர்ந்ததன்று. கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் ஒல்லாந்தர் எழுப்பிய இல்லம் 1708ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆனால் அவ்வழக்கத்துக்கு நவீன விஞ்ஞானத்தின் முத்திரை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கிடைத்தது. நோர்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இல் நோய்க்கிருமியைக் கண்டறிந்தார். 1897இல் பேர்லினில் கூடிய மருத்துவ மகாநாடு, நோயாளரைப் பிரித்துவைப்பதே தடுப்புக்கு வழி என்று பரிந்துரைத்தது. மறு ஆண்டே இந்தியாவில் தொழுநோயாளர் சட்டம் பிறந்தது. 1901இல் இலங்கையில் 4ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது.

இந்தியச் சட்டத்தில் ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். அது குறிவைத்தது ஏழைத் தொழுநோயாளனை. பிச்சையெடுத்துத் தெருவில் திரிபவனையே பிடித்து அடைக்கச் சொன்னது. மாளிகையின் உள்ளறையில் வைத்தியரை வரவழைத்து மறைந்துவாழ வசதி படைத்தவனை அது தேடிப்போகவில்லை. கிருமிக்கு வர்க்க பேதம் கிடையாது. சட்டத்துக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது.

குடியேற்ற ஆட்சிக் காலத்து ஒதுக்கிடங்களை ஆராய்வோர் முதலில் ஒன்றைக் கேட்க வேண்டும். அங்கே 'பாதுகாப்பு' என்று சொல்லப்பட்டது யாருடைய பாதுகாப்பு? மாந்தீவைப் பொறுத்தவரை விடை தெளிவானது. நகரம் பாதுகாக்கப்பட்டது. வாவி நீர் மதிலாயிற்று. உள்ளே இருப்பவன் வெளியே வராதிருப்பதே நிலையத்தின் வெற்றி. அவன் எவ்வளவு காலம், எத்தகைய உடல்நலத்தோடு வாழ்ந்தான் என்பது அடுத்த கேள்வி. பிற்காலத்தில் நோயின் அச்சம் நீங்கிய பின்னரும் இந்த அடிப்படை மாறவில்லை.

அச்சம் எவ்வாறு நீங்கியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1941இல் அமெரிக்காவின் கார்வில் நிலையத்தில் சல்போன் மருந்து பயன்தரத் தொடங்கியது. சில ஆண்டுகளில் செங்கற்பட்டுக்கு அருகே திருமணியில் ராபர்ட் காக்ரேன் அவ்வகை மருந்துகளை நம் இனத்து நோயாளருக்கும் கொடுத்துப் பார்த்தார். டப்சோன் மலிவான மாத்திரையாகி ஏழை நாடுகளுக்கும் எட்டிற்று. 1958இல் டோக்கியோவில் கூடிய சர்வதேசத் தொழுநோய் மகாநாடு, கட்டாயமாகப் பிரித்துவைக்கும் முறையைக் கைவிடுமாறு அரசுகளைக் கேட்டது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது; இலங்கை 1983இல் அதனை மேற்கொண்டது. முதல் வேளை மருந்துகள் உடலில் சேர்ந்த சில நாட்களிலேயே நோயாளர் பிறருக்குத் தொற்றைப் பரப்பும் ஆற்றலை இழக்கிறார். பதினாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்னும் எல்லையை 1995இல் நாடு எட்டியது. எனினும், புதிய நோயாளர் இன்றும் காணப்படும் மாவட்டங்களுள் மட்டக்களப்பும் ஒன்று என்பதை மறந்துவிடலாகாது. அவர்கள் வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு குணமடைகின்றனர். தீவு எவருக்கும் தேவையில்லை.

பழைய நோயாளர் என்ன ஆயினர்? குணமடைந்தவர்களுள் உடலில் வடு இல்லாதவர், வயது குறைந்தவர், வரவேற்கும் வீடு உடையவர் ஆகியோர் வெளியேற முடிந்தது. கைவிரல் மடங்கியவரும், பாதம் தேய்ந்தவரும், கண்ணொளி குன்றியவரும், உறவு அறுந்தவரும் தங்கினர். தங்கியவர்கள் கிழவரும் கிழவியருமாயினர். பதிவேட்டில் அவர்கள் நோயாளர். உண்மையில் நோய் அவர்களிடம் இல்லை. பெயர்ப்பலகையில் அது வைத்தியசாலை. உண்மையில் அது ஒரு முதியோர் இல்லம். எவரும் திட்டமிடாமல், எவரும் முடிவெடுக்காமல், காலம் ஒன்றே நடத்திவைத்த மாற்றம் இது.

பேர்மாற்றம்தானே, இதனால் என்ன கேடு என்று ஆசிரிய நண்பர் ஒருவர் குறுக்கிடக்கூடும். கேடு உண்டு. வைத்தியசாலை என்றால் அது சுகாதாரத் துறையின் பொறுப்பு. கட்டிலும் மருந்தும் தாதியும் கணக்கில் வரும். முதியோர் இல்லம் என்றால் அது சமூக சேவையின் பொறுப்பு. துணையும் பொழுதுபோக்கும் உறவினர் வரவும் கணக்கில் வரவேண்டும். நோயில்லாத முதியவரை வைத்தியசாலையில் இருத்தினால், கட்டில் கிடைக்கும். வாழ்க்கை எந்தக் கோப்பிலும் இடம்பெறாது.

மட்டக்களப்பு மண்ணில் இந்த இழப்பு எவ்வளவு பெரிது என்பதை அறிய இங்குள்ள குடும்ப அமைப்பை நோக்க வேண்டும். இங்கே குடி தாய்வழி வருவது. மணமகன் மனைவியின் வீட்டுக்கு வருகிறான். பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டையே மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவில் ஒரு சிறு குடிலிலோ, இளைய மகளின் வீட்டிலோ ஒதுங்கி வாழ்கின்றனர். முதுமைக்கால பராமரிப்பு என்பது இவ்வாறு காணி உறுதியோடும் கலியாணத்தோடும் பின்னிப் பிணைந்திருக்கிறது. தாய்க்குக் கஞ்சி வைப்பவள் மகள். அவள் வைக்கும் அடுப்பு தாயின் அடுப்பு. இருபது வயதில் தோணியேற்றப்பட்ட ஒரு பெண்ணுக்குச் சீதனமில்லை, வளவில்லை, மகளில்லை. அவள் அறுபது வயதில் குணமடைந்துவிட்டாள் என்று சான்றிதழ் கொடுத்தால், அவள் எந்த வளவுக்குத் திரும்புவாள்? சகோதரியின் பேத்திகளுக்குக் கலியாணம் பேசும் வீட்டில், மாந்தீவிலிருந்து வந்த கிழவி ஒருத்தி திண்ணையில் இருப்பதை அக்குடும்பம் எவ்வாறு எண்ணியிருக்கும்? கொடியவர்கள் என்று அவர்களைத் தூற்றிப் பயனில்லை. நோயைக் குற்றம்போல் நடத்திய அரசிடமிருந்தே ஊர் அந்த அச்சத்தை முறையாகக் கற்றது.

இனி, பாதுகாப்பு என்னும் சொல்லை உள்ளே வாழ்வோரின் பக்கமிருந்து பார்ப்போம்.

தொழுநோய் சதையை அழுகச் செய்து விரலை உதிர்க்கிறது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1940களின் பிற்பகுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட் என்னும் அறுவைச் சிகிச்சையாளர் இந்நம்பிக்கையைத் தகர்த்தார். நோய் நரம்பைக் கொல்கிறது. நரம்பு செத்த கை வலியை அறிவதில்லை. வலி அறியாத கை சுடுகலத்தைப் பற்றுகிறது, ஆணியைப் பிடிக்கிறது, காயத்தோடே வேலை செய்கிறது. விரல் குறைவதற்குக் காரணம் இத்தகைய எண்ணற்ற சிறு காயங்களே என்று அவர் காட்டினார். அவரிடம் பயின்று குணமடைந்த இளைஞர் சிலருக்கு இரவில் உறங்கி எழும்போது விரலில் புதுக் காயங்கள் தோன்றின. காரணம் புரியாது திகைத்தனர். கண்விழித்துக் காத்தபோது உண்மை வெளிப்பட்டது. எலிகள் கடித்துக்கொண்டிருந்தன, உறங்கியவருக்கு உணர்ச்சியில்லை. அதன்பின் வீடு திரும்புவோரிடம் பூனையொன்றும் கொடுத்தனுப்பப்பட்டது.

இந்தப் பூனையை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. பராமரிப்பின் தரம் எதில் அடங்கியிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. உணர்ச்சியற்ற பாதத்துடன் எழுபது வயதை எட்டியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய பாதத்தை நாள்தோறும் ஒருவர் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். நீரில் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்து, எண்ணெய் பூச வேண்டும். சிவந்த இடம் தெரிந்தால் அன்றே ஓய்வு கொடுக்க வேண்டும். ஒரு வாரம் தவறினால் புண் எலும்பைத் தொடும். மென்மையான உள்ளடியுடைய பாதரட்சை வேண்டும். அது தேய்ந்தால் மாற்ற வேண்டும். இமை மூடாத கண்ணில் தூசி விழுந்தாலும் அவர் அறியார்; ஆகவே கண்ணையும் வேறொருவரே பார்க்க வேண்டும். தேநீர்க் கேத்தலின் பிடியில் துணி சுற்றியிருக்க வேண்டும். இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் வெளிச்சம் வேண்டும், பிடித்து நடக்கக் கம்பி வேண்டும். இவற்றுள் எதற்கும் பெரிய இயந்திரம் தேவையில்லை. கண்ணும் கையும் நேரமும் தேவை. அதாவது, போதிய ஊழியர் தேவை. அவர்களுக்குப் போதிய ஊதியமும் தேவை.

உலகெங்கும் ஒதுக்கிடங்கள் இந்த உழைப்பை எவ்வாறு பெற்றன என்பது வருந்தத்தக்க கதை. பல இடங்களில் உடல்வலுவுள்ள நோயாளரே வலுவிழந்த நோயாளரைப் பராமரித்தனர். யப்பானிய நிலையங்களில் இது கட்டாய வேலையாகவே இருந்தது; புண்ணைக் கட்டுவதும், சமைப்பதும், இறந்தவரை எரிப்பதும் உள்ளிருப்போர் தலையில் விழுந்தன. வேலையினால் அவர்களுடைய கைகளே மேலும் சிதைந்தன. தொண்டு மனப்பான்மையோடு வந்த துறவியரும் தாதியரும் சிற்றூழியரும் அங்கங்கே செய்த சேவையை நான் குறைத்துரைக்கவில்லை. ஆனால் தொண்டுள்ளம் படைத்தவர் இடமாற்றம் பெற்றுப் போன மறுநாள் பாதத்தைப் பார்ப்பவர் யார் என்பதை அரசு எழுதிவைத்திருக்க வேண்டுமல்லவா?

தீவு என்னும் நிலை இவற்றையெல்லாம் இருமடங்கு கடினமாக்குகிறது. பகலில் தோணியோ இயந்திரப் படகோ போய்வரும். நள்ளிரவில் ஒரு கிழவருக்கு நெஞ்சு அடைத்தால்? 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைச் சின்னாபின்னமாக்கிய சூறாவளியில், வாவியைக் கடக்க எந்தத் தோணிக்காரர் துணிவார்? போர்க்காலத்தில் எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே துறைகள் அடைபட்டு, இரவில் நீரில் அசையும் எதுவும் சந்தேகத்துக்கு உள்ளான ஆண்டுகளை நம்மவர் மறந்திருக்க முடியாது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் எழுந்தபோது பெருநிலத்தில் இருந்தோருக்கே ஓட இடமில்லை. கால் தேய்ந்த முதியவரைப் பாலமில்லாத தீவில் வைத்திருப்பதே ஒரு பாதுகாப்புக் குறைபாடு. மற்றவையெல்லாம் அதன்மேல் ஏறிய சுமைகள்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோரின் உரிமைகளைப் பாதுகாக்க இயற்றப்பட்டது. முதியோருக்கான தேசிய மன்றம் அதன்வழி அமைந்தது. ஐந்து பேருக்கு மேற்பட்ட முதியோரை இருத்திப் பராமரிக்கும் இல்லங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்ற விதி வந்தது. பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே புறக்கணித்தலாகாது என்றும் அது கூறிற்று. பராமரிப்புப் பணம் கோரச் சபையொன்றும் ஏற்பட்டது. வரவேற்கத்தக்க சட்டம்தான். ஆனால் மாந்தீவின் கரையில் நின்று அதனைப் படிப்பவருக்கு ஒரு கசப்பு எழாமல் இராது. 1901இல் ஒரு சட்டம் மனிதனைக் குடும்பத்திலிருந்து பிரித்தது. நூறாண்டு சென்றபின் மற்றொரு சட்டம், முதியவரே, உம் பிள்ளைகளிடம் கேளும் என்கிறது. பிள்ளை பெறும் வயதை அரசின் காவலில் கழித்தவர் யாரிடம் கேட்பது? பிரித்த கைக்கே பராமரிக்கும் கடன் உண்டு என்பது என் துணிபு.

இக்கடனை ஏற்ற நாடுகள் இல்லாமலில்லை. ஹவாய்த் தீவுகளில், செங்குத்தான மலையும் கடலும் சூழ்ந்த கலாவுபாப்பா முனைக்கு 1866 முதல் ஏறத்தாழ எண்ணாயிரம் பேர் அனுப்பப்பட்டனர். பாதிரியார் தாமியன் அவர்களோடு வாழ்ந்து அந்நோயாலேயே 1889இல் மறைந்த வரலாறு நம் பாடநூல் வாசகருக்குப் புதிதன்று. 1969இல் அங்கு கட்டாயம் நீங்கியது. அப்போது முதியோரை வெளியேறும்படி எவரும் விரட்டவில்லை. 1980இல் அவ்விடம் தேசிய வரலாற்றுப் பூங்காவாக்கப்பட்டபோது, விரும்பும் வரை அவர்கள் அங்கேயே வாழலாம் என்று சட்டமே உறுதி கூறிற்று.

யப்பானின் கதை நமக்கு இன்னும் நெருங்கியது. ஒகயாமா மாநிலத்தில் நகாஷிமா என்ற தீவில் 1930இல் தேசியத் தொழுநோய் நிலையம் திறக்கப்பட்டது. தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட நீர் மிகக் குறுகியது. சுமார் முப்பது மீற்றர். அந்த முப்பது மீற்றரைக் கடக்கப் பாலம் கேட்டு உள்ளிருந்தோர் பல ஆண்டுகள் போராடினர். 1988இல் பாலம் திறக்கப்பட்டது. மனிதத்தன்மையை மீட்ட பாலம் என்று அதனை அவர்கள் அழைத்தனர். அந்நாட்டின் ஒதுக்கற் சட்டம் 1996 வரை நீக்கப்படவில்லை. குமமொட்டோ நீதிமன்றம் 2001 மே மாதத்தில் அரசு தவறிழைத்தது எனத் தீர்ப்பளித்தது. பின்னர் இயற்றிய சட்டத்தால், நிலையங்களில் எஞ்சியோர் விரும்பினால் இறுதிவரை அங்கேயே பராமரிக்கப்படும் பொறுப்பை அரசு ஏற்றது. அவர்களின் சராசரி வயது எண்பதை நெருங்கிய காலம் அது. இரக்கத்தினால் வந்த பேறன்று அது. வழக்காடி வென்ற முதியோரின் பேறு.

2010 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை இது குறித்த கோட்பாடுகளைக் கவனத்திற் கொண்டு தீர்மானம் நிறைவேற்றியது. கட்டாயமாக ஒதுக்கப்பட்டவர்கள் விரும்பினால் தமக்கு வீடாகிவிட்ட நிலையங்களிலேயே வாழ அனுமதிக்கப்பட வேண்டும். இடம்மாற்றம் தவிர்க்கவியலாததாயின் அம்முடிவில் அவர்களும் பங்குபெற வேண்டும். அந்நிலையங்களின் வாழ்க்கை நிலையை அரசு உயர்த்த வேண்டும் என்பன அக்கோட்பாடுகளின் சாரம். இம்மூன்றும் தொழுநோயாளருக்கு மட்டும் பொருந்துவன அல்ல. நம் நகரங்களில் புதிதாகத் தோன்றும் எந்த முதியோர் இல்லத்துக்கும் இவற்றைப் பொருத்திப் பார்க்கலாம். வாயிற்கதவு எந்தப் பக்கம் பூட்டப்பட்டிருக்கிறது, திறப்பு யார் இடுப்பில் தொங்குகிறது என்பதைப் பாருங்கள். கிழவர் விழுந்துவிடக்கூடாதென்று அவரைக் கட்டிலோடு இருத்திவிடும் இல்லம், விழவில்லை என்று கணக்குக் காட்டும். நடக்கும் ஆற்றலை அவர் இழந்ததை எந்தக் கணக்கிலும் காட்டாது. பண்டிகை நாளில் சோற்றுப் பொட்டலத்தோடும் படப்பெட்டியோடும் வந்து போகும் தரும கைங்கரியத்தார், பாதத்தைப் பார்ப்பதில்லை.

மாந்தீவில் எஞ்சியோர் இறுதிக் காலத்தில் விரல்விட்டு எண்ணத்தக்கவராய்க் குறைந்தனர். நாலைந்து கிழவருக்காகப் பாலமா என்று ஒருவர் கேட்டால், அக்கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். பாலம் கேட்க வேண்டிய காலம் அவர்கள் பலராயிருந்த காலம். அப்போது கேட்க அவர்களுக்குச் சங்கமில்லை. கேட்டிருக்க வேண்டிய நாம் கரையில் நின்று மீன் பாடும் ஓசையைப் பற்றிக் கவிதை எழுதிக்கொண்டிருந்தோம். வரலாறு கற்கும் மாணவருக்கு இன்னும் ஒரு பணி எஞ்சியிருக்கிறது. அத்தீவுக்குத் தோணி ஓட்டியவர்களும், சமைத்தவர்களும், மருந்து கட்டியவர்களும் இரு கரைகளிலும் முதுமையெய்தி இருப்பர். அவர்களிடம் போய்க் கேட்டு எழுதிவைத்தால், அரச ஏடுகள் சொல்லாத பல செய்திகள் கிடைக்கும்.

1924ஆம் ஆண்டுக் கல்லடிப் பாலத்தின் அருகே 2013இல் புதிய பாலம் ஒன்று திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மண்முனைத்துறையில், யப்பானிய அரசின் நன்கொடையால் கட்டிய பாலம் திறக்கப்பட்டது. படுவான்கரை மக்கள் துறையில் காத்துநின்ற காலம் அன்றோடு முடிந்தது. மாந்தீவுக்குப் போனவர்கள் அந்த ஆண்டும் படகிலேதான் போயினர்.